இரத்தக் குழாய்களில் அழற்சி



ஆற்றிலே நீர் நிறைந்து ஓடினாலும், வாய்க்காலின் கரை சீர்கெட்டுவிட்டால் கடைமடை வயலுக்கு நீர் போய்ச் சேராது. உழவர் அனைவரும் அறிந்த உண்மை இது. நம் உடலுக்குள்ளும் இத்தகைய பாசன அமைப்பு ஒன்று இருக்கிறது. இதயம் அதன் தலைமதகு; இரத்தக் குழாய்கள் அதன் வாய்க்கால்கள்; மூளை முதல் கால்விரல் நுனி வரை உள்ள உறுப்புகள் யாவும் அதன் வயல்கள். இதயத்தைப் பற்றியும் இரத்தத்தைப் பற்றியும் நாம் அடிக்கடி பேசுகிறோம். வாய்க்காலின் கரையைப் பற்றி, அஃதாவது இரத்தக் குழாயின் சுவரைப் பற்றி எண்ணுவோர் சிலரே. அந்தச் சுவரிலே தோன்றும் அழற்சி நோய்களைப் பற்றி இன்று சொல்ல விரும்புகிறேன்.

இவை அடிக்கடி காணப்படும் நோய்கள் அல்ல. ஆயினும் உரிய காலத்தில் இவற்றை இனங்கண்டுகொண்டால் ஒரு குழந்தையின் இதயத்தையும், ஒரு முதியவரின் கண்ணொளியையும், ஓர் இளைஞரின் காலையும் காப்பாற்ற முடியும். காலம் கடந்துவிட்டால் இழந்தது பெரும்பாலும் மீள்வதில்லை. நான் மருத்துவன் அல்லன், ஆசிரியன். ஆகவே மருந்து சொல்ல நான் வரவில்லை. அறிகுறியைக் கண்டதும் மருத்துவரிடம் விரைந்து செல்லும் அறிவை உங்களிடம் உண்டாக்கவே வந்திருக்கிறேன்.

முதலில் குழாய்களின் அமைப்பைக் காண்போம். இதயத்திலிருந்து புறப்படும் இரத்தம் உடலெங்கும் சென்று மீண்டும் இதயத்துக்கே திரும்புகிறது என்பதை இங்கிலாந்து நாட்டு மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் மெய்ப்பித்தார். ஆனால், செல்லும் குழாயிலிருந்து திரும்பும் குழாய்க்கு இரத்தம் எவ்வழியே கடக்கிறது என்பதை அவரால் காண இயலவில்லை. 1661ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் மார்செல்லோ மால்பிகி, தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தபொழுது, மயிரினும் மெல்லிய நுண்குழாய்களைக் கண்டார். விடுபட்ட கண்ணி அகப்பட்டது. இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டு செல்பவை தமனிகள். திரும்பக் கொணர்பவை சிரைகள். இரண்டையும் இணைப்பவை தந்துகிகள். இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி ஏறத்தாழ ஒரு கட்டைவிரலின் பருமன் உடையது. தந்துகியோ ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கைத் தாண்டாது. அதன் வழியே சிவப்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நெருங்கியே செல்ல வேண்டும்.

தமனியின் சுவர் வெறும் குழாய்த் தகடு அன்று, உயிருள்ள திசு. அதில் மூன்று அடுக்குகள் உண்டு. உள்ளடுக்கு மிக வழவழப்பானது. இரத்தம் உறையாமல் ஓடுவதற்கு அதுவே துணை. நடு அடுக்கில் தசையும் மீள்தன்மையுள்ள நார்களும் இருக்கின்றன; இதயத்தின் ஒவ்வொரு துடிப்புக்கும் குழாய் விரிந்து சுருங்குவது இவற்றால்தான். வெளியடுக்கு உறைபோல் நின்று காக்கிறது.

இனி, அழற்சி என்பது யாது? காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவக்கிறது, வீங்குகிறது, சுடுகிறது, வலிக்கிறது. இந்த நான்கு அடையாளங்களையும் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமாபுரியைச் சேர்ந்த செல்சஸ் என்பவர் எழுதி வைத்தார். இது நம்மைக் காக்க உடல் நடத்தும் போர். நோய்க் கிருமிகளை எதிர்க்க வெள்ளணுக்கள் அவ்விடத்தில் திரள்கின்றன. கிருமி அழிந்ததும் கலைந்துபோகின்றன. ஆனால் சில வேளைகளில் இக்காவற்படை பகைவர் இல்லாத இடத்திலும் போர் தொடுக்கிறது. தன் உடலின் திசுவையே அயலான் என்று கருதித் தாக்குகிறது. இரத்தக் குழாயின் சுவர் இத்தாக்குதலுக்கு இலக்காகும் நிலையே இரத்தக் குழாய் அழற்சி.

இதனால் விளையும் தீங்கு மூன்று வகைப்படும். சுவர் வீங்கினால் குழாயின் வழி குறுகுகிறது. அதற்கு அப்பாலுள்ள உறுப்பு உயிர்வளியும் உணவும் இன்றி வாடுகிறது. சுவர் நலிந்தால் இரத்தத்தின் அழுத்தம் தாங்காமல் அது பலூன்போல் புடைக்கிறது. சில வேளைகளில் வெடித்தும் விடுகிறது. வழவழப்பான உள்ளடுக்கு புண்பட்டால் அங்கே இரத்தம் உறைந்து வழியை அடைக்கிறது. கரை உட்சரிவதும், உடைவதும், வாய்க்காலில் மண்மேடு சேர்வதும் போன்றவை இவை. எந்த வாய்க்கால் கெட்டதோ அந்த வயல் காய்கிறது. தோலின் குழாய் கெட்டால் செம்புள்ளிகள். நரம்புக்குச் செல்லும் குழாய் கெட்டால் மரப்பும் தளர்ச்சியும். சிறுநீரகத்தில் கெட்டால் சிறுநீரில் இரத்தம். கண்ணுக்குச் செல்வது கெட்டால் பார்வை இழப்பு. ஒரே நோய் பல வேடங்களில் வருவதால்தான் இதை இனங்காண்பது அரிதாயிற்று.

1860களில் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் இருபத்தேழு வயதுடைய தையல் தொழிலாளி ஒருவர் மருத்துவமனைக்கு வந்தார். காய்ச்சல், வயிற்று வலி, கைகால் மரப்பு, நாளுக்கு நாள் பெருகும் தளர்ச்சி ஆகியவை அவரை வாட்டின. சில வாரங்களில் அவர் இறந்தார். அடால்ஃப் குஸ்மவுல், ருடால்ஃப் மையர் என்னும் இரு மருத்துவர்கள் அவருடைய உடலை அறுத்து ஆராய்ந்தபொழுது, உள்ளுறுப்புகளின் தமனிகள்மீது சிறுசிறு முடிச்சுகள் கோத்ததுபோல் இருக்கக் கண்டனர். வெவ்வேறு உறுப்புகளில் தோன்றிய துன்பங்களுக்கெல்லாம் வேர் ஒன்றே என்பது அன்று விளங்கிற்று. இரத்தக் குழாய் அழற்சியைப் பற்றிய தெளிந்த அறிவு அந்த ஏழைத் தொழிலாளியின் உடலிலிருந்தே தொடங்கியது.

இன்று மருத்துவ அறிஞர்கள் இந்நோய்களைக் குழாயின் பருமனைக் கொண்டு பகுக்கின்றனர். அமெரிக்காவில் சாப்பல் ஹில் என்னும் ஊரில் 1994ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டு, 2012ஆம் ஆண்டில் திருத்தப்பெற்ற முறை இது. பெருங்குழாய், இடைக்குழாய், சிறுகுழாய் என்ற அவ்வரிசையிலேயே நாமும் செல்வோம்.

பெருங்குழாய் நோய்களுள் ஒன்று ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிட்டோ டகாயாசுவின் பெயரால் வழங்குகிறது. 1908ஆம் ஆண்டில் அவர் ஓர் இளம்பெண்ணின் கண்ணுக்குள்ளே இரத்தக் குழாய்கள் மாலைபோல் வளைந்து பின்னிக் கிடந்ததை விவரித்தார். அதே ஆண்டில் வேறு இரு மருத்துவர்கள், இத்தகைய நோயாளிகளுக்கு மணிக்கட்டில் நாடி அகப்படவில்லை என்று எடுத்துரைத்தனர். பெருந்தமனியும் அதன் கிளைகளும் குறுகிப்போவதே காரணம். நாற்பது வயதுக்கு உட்பட்ட பெண்களையே இது மிகுதியும் பற்றுகிறது. இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகளில் அதிகமாகக் காணப்படுகிறது. ஒரு கைக்கும் மற்றொரு கைக்கும் இரத்த அழுத்தம் பெரிதும் வேறுபட்டாலும், தலைவாரக் கையை உயர்த்தினாலே கை சோர்ந்து வலித்தாலும் மருத்துவர் இந்நோயை எண்ணிப் பார்ப்பார்.

மற்றொன்று முதியோருக்கு வருவது. ஐம்பது வயதுக்கு முன் இது தோன்றுவதில்லை. நெற்றிப்பொட்டிலுள்ள தமனியில் அழற்சி தோன்றுவது இதன் சிறப்பு அடையாளம். 1890ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் ஜோனதன் ஹட்சின்சன், தலையில் சிவந்த கோடுகள் தோன்றித் தொப்பி அணியவும் முடியாமல் வலியால் வருந்திய ஒரு முதியவரைப் பற்றி எழுதினார். வட ஐரோப்பிய மக்களிடையே இந்நோய் மிகுதி; நம் நாட்டில் குறைவு. ஆயினும் இதன் அறிகுறிகளை அறிந்திருப்பது நன்று. முன்பு இல்லாத புதிய தலைவலி, தலையைத் தொட்டால் வலி, மெல்லும்பொழுது தாடையில் வலி, பொருள்கள் இரண்டாகத் தெரிதல் ஆகியவை ஒரு முதியவருக்குத் தோன்றினால் அவரை அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். கண்ணுக்குச் செல்லும் தமனி அடைபட்டால் பார்வை ஒரே நாளில் போய்விடும். போனபின் மருந்து கொடுத்தாலும் அது திரும்புவது அரிது. ஐயம் வலுவாக இருந்தால், தமனியைச் சிறிது வெட்டிச் சோதிக்கும் முடிவுக்காகக் காத்திராமல் மருத்துவர்கள் மருந்தைத் தொடங்கிவிடுவது இதனால்தான்.

இடைக்குழாய் நோய்களுள் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது குழந்தைகளுக்கு வரும் கவாசாகி நோய். 1961ஆம் ஆண்டு சனவரித் திங்களில் டோக்கியோ நகரின் செஞ்சிலுவை மருத்துவமனைக்கு நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் கொண்டுவரப்பட்டான். விடாத காய்ச்சல், சீழ் இல்லாமல் சிவந்த கண்கள், வெடித்துச் சிவந்த உதடுகள், உடலெங்கும் தடிப்பு, வீங்கிய கைகால்கள். அவனைப் பார்த்த குழந்தை மருத்துவர் டோமிசாகு கவாசாகிக்கு, தாம் கற்றிருந்த எந்த நோயோடும் இவை பொருந்தவில்லை. பெயர் தெரியாத நோய் என்று அவர் ஒதுக்கிவிடவில்லை, குறித்து வைத்தார். மறு ஆண்டு இத்தகைய வேறொரு குழந்தை வந்தது. பின்னும் சிலர் வந்தனர். ஆறு ஆண்டுகள் பொறுமையுடன் குறிப்புகளைத் திரட்டி, ஐம்பது குழந்தைகளின் நோய் வரலாற்றை 1967ஆம் ஆண்டில் ஜப்பானிய மொழியில் வெளியிட்டார். புதிய நோய் என்பதை ஏற்கப் பலர் தயங்கினர். தானாகவே தணிந்துவிடும் நோய் என்றே தொடக்கத்தில் கருதப்பட்டது. 1970ஆம் ஆண்டில் ஜப்பான் முழுவதும் கணக்கெடுத்தபொழுதுதான், நோய் நீங்கியதாக எண்ணப்பட்ட குழந்தைகளுள் சிலர் திடீரென்று இறந்தது தெரியவந்தது. அவர்களுடைய இதயத் தமனிகள் புடைத்து, அவற்றினுள் இரத்தம் உறைந்திருந்தது. 1974ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் கட்டுரை வெளிவந்த பின்னர் உலகெங்கும் உள்ள மருத்துவர்கள் இந்நோயை இனங்காணத் தொடங்கினர். நம் நாட்டிலும் இந்நோய் காணப்படுகிறது.

மருத்துவம் செய்யாவிட்டால் இக்குழந்தைகளுள் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இதயத் தமனி கெடுகிறது. இதற்குரிய மருந்து வியப்பூட்டுவது. பல்லாயிரம் பேர் கொடையாகத் தந்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்பொருளைச் சிரை வழியே செலுத்துகிறார்கள். இதன் பயனை ஜப்பானிய மருத்துவர்கள் 1984ஆம் ஆண்டிலும் அமெரிக்க மருத்துவர்கள் 1986ஆம் ஆண்டிலும் காட்டினர். காய்ச்சல் தொடங்கிய பத்து நாள்களுக்குள் இதைக் கொடுத்தால், இதயத் தமனி கெடுவது நூற்றுக்கு இருபத்தைந்திலிருந்து நூற்றுக்கு ஐந்தளவுக்குக் குறைகிறது. பத்தே நாள்! அக்குழந்தையின் வாழ்நாள் முழுவதும் அந்தப் பத்து நாளில் அடங்கியிருக்கிறது. உங்கள் இல்லத்தில் தம்பியோ தங்கையோ ஐந்து நாளுக்கு மேலாகக் காய்ச்சலில் கிடந்து, கண்ணும் உதடும் நாக்கும் சிவந்திருந்தால், "வெப்பத்தின் கோளாறு, தானே தணியும்" என்று வாளா இருத்தல் ஆகாது. ஆஸ்பிரின் மாத்திரையும் இந்நோய்க்குப் பயன்படுகிறது. ஆனால் மருத்துவர் சொல்லாமல் காய்ச்சலுள்ள குழந்தைகளுக்கு அதைக் கொடுப்பது பேராபத்து.

சிறுகுழாய் நோய்களுள் ஒன்று பள்ளிச் சிறுவரிடையே அவ்வப்பொழுது காணப்படுவது. 1837ஆம் ஆண்டில் ஷோன்லைன் என்பவரும், 1874ஆம் ஆண்டில் அவருடைய மாணவர் ஹெனோக் என்பவரும் இதை விளக்கினர். சளியோ தொண்டை வலியோ வந்து சில நாள் சென்றபின், கால்களிலும் பிட்டத்திலும் அழுத்தினாலும் மறையாத செந்நீலப் புள்ளிகள் எழும். மூட்டும் வயிறும் வலிக்கும். பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். ஆனால் சிலருக்குச் சிறுநீரகம் பின்னர் மெல்லக் கெடக்கூடும். ஆகவே புள்ளி மறைந்தபின்னும் சில மாதங்கள் வரை சிறுநீரைச் சோதித்துப் பார்த்தல் வேண்டும். வேறு சில சிறுகுழாய் நோய்கள் கொடியவை; மூக்கு, நுரையீரல், சிறுநீரகம் ஆகியவற்றை ஒருங்கே தாக்குபவை. வெள்ளணுவின் உள்ளிருக்கும் பொருள்களையே எதிர்க்கும் ஒருவகை எதிர்ப்பொருள் இந்நோயாளிகளின் இரத்தத்தில் இருப்பது 1980களில் தெரியவந்தது. இன்று இரத்தச் சோதனையால் அதைக் கண்டறிகிறார்கள்.

காரணத்தைத் திட்டமாகச் சொல்லக்கூடிய நோய் ஒன்றும் உண்டு. அது இளைஞர்களாகிய நீங்கள் கருத்தூன்றிக் கேட்க வேண்டியது. நியூயார்க் நகர மருத்துவர் லியோ பர்கர் 1908ஆம் ஆண்டில் விரிவாக விளக்கிய இந்நோயில், கைகால்களின் தமனிகளும் சிரைகளும் அழற்சியுற்று, இரத்தம் உறைந்து அடைபடுகின்றன. நடந்தால் பாதமும் கெண்டைக்காலும் வலிக்கும். பின்னர் ஓய்விலும் வலிக்கும். விரல்கள் குளிர்ந்து, நிறம் மாறி, புண்ணாகி, இறுதியில் அழுகும். நோயாளிகளில் பெரும்பாலோர் நாற்பத்தைந்து வயதுக்கு உட்பட்ட ஆடவர். ஏறக்குறைய எல்லாருமே புகையிலைப் பழக்கம் உடையவர்கள். நம் நாட்டில் பீடி குடிக்கும் உழைப்பாளர் பலர் இதனால் விரலையும் காலையும் இழந்திருக்கின்றனர். புகையிலையை அறவே விட்டவருக்கு நோய் பெரும்பாலும் அவ்வளவில் நின்றுவிடுகிறது. ஒருநாளைக்கு ஒன்றிரண்டு என்று தொடர்பவருக்கு நிற்பதில்லை. இதற்கு மருந்துக் கடையில் விற்கும் எந்த மருந்தும் புகையிலையை விடுவதற்கு ஈடாகாது.

மற்றவற்றின் காரணம் என்ன? பலவற்றுக்கு முழு விடை இன்னும் கிடைக்கவில்லை. பிறவியிலேயே அமைந்த உடற்கூறும், ஏதேனும் ஒரு கிருமியின் தூண்டுதலும் சேர்ந்து காவற்படையைத் தடுமாறச் செய்கின்றன என்பது அறிஞர் கருத்து. சிலவற்றில் தூண்டுதல் நன்றாகத் தெரிகிறது. ஃபிரைபர்க் தொழிலாளியை வாட்டிய வகை நோய், கல்லீரலைத் தாக்கும் பி வகை மஞ்சட்காமாலைக் கிருமியால் சிலருக்கு வருகிறது; அதற்குரிய தடுப்பூசி பரவியபின் இவ்வாறு வருவது குறைந்திருக்கிறது. முடக்குவாதம், லூப்பஸ் முதலிய நோய்களின் தொடர்ச்சியாகவும், சில மருந்துகள் ஒவ்வாமையாலும் குழாய் அழற்சி தோன்றுவதுண்டு. முதுமையில் தமனிகளில் கொழுப்புப் படிந்து தடிப்பதும், காலில் சிரைகள் புடைத்துச் சுருள்வதும் வேறு நோய்கள். அவற்றை இவற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளுதல் கூடாது.

இனி, மருத்துவ முறையைக் காண்போம். 1948ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் பிலிப் ஹென்ச், முடக்குவாதத்தால் வருந்திய ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் என்னும் பொருளைச் செலுத்தினார். சில நாள்களில் அப்பெண் எழுந்து நடந்தாள். 1950ஆம் ஆண்டில் அவருக்கும் வேறிரு அறிஞர்க்கும் நோபெல் பரிசு கிடைத்தது. அழற்சியைத் தணிக்கும் இவ்வகை ஸ்டீராய்டு மருந்துகள் குழாய் அழற்சிக்கும் முதல் அரண் ஆயின. எனினும் கொடிய வகைகளுக்கு இது மட்டும் போதவில்லை. மூக்கையும் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும் அந்நோய்க்கு ஆளானோர், மருத்துவம் பெறாவிட்டால் சராசரியாக ஐந்து திங்களே வாழ்ந்தனர் என 1958ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வு கூறியது. பின்னர், புற்றுநோய்க்குப் பயன்படும் சைக்ளோபாஸ்பமைடு என்னும் மருந்தை ஸ்டீராய்டுடன் சேர்த்து அமெரிக்கத் தேசிய நல ஆய்வு நிலையத்தார் கொடுத்துப் பார்த்தனர். 1983ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் எண்பத்தைந்து நோயாளிகளுள் எழுபத்தொன்பது பேருக்கு நோய் முற்றும் தணிந்திருந்தது. 2010ஆம் ஆண்டில், ரிட்டுக்சிமாப் என்னும் மருந்தும் அதற்கு இணையாகப் பயன்படும் என்று மெய்ப்பிக்கப்பட்டது. ஐந்து மாதத்தில் முடிந்த வாழ்வு இன்று பல ஆண்டுகளாக நீள்கிறது.

ஆனால் காவற்படையை அடக்கும் மருந்து இருமுனைக் கத்தி. அடக்கப்பட்ட படை உண்மையான பகைவனையும் தடுக்க இயலாமற் போகிறது. காசநோய் போன்ற தொற்றுகள் தலைதூக்கலாம். ஆகவே மருத்துவர் முன்னதாகவே அவற்றைச் சோதித்துக்கொள்வார். ஸ்டீராய்டை நெடுநாள் உட்கொண்டால் சர்க்கரை மிகலாம், எலும்பு மெலியலாம், கண்ணில் புரை விழலாம். இவற்றுக்கு அஞ்சியோ, உடல் தேறிவிட்டது என்று எண்ணியோ நோயாளி தாமாகவே மருந்தை நிறுத்திவிடுவது அதனினும் கேடு. வெளியிலிருந்து மருந்து வருங்காலத்தில், உடல் தானாகச் சுரக்கும் அதே வகைப் பொருளைக் குறைத்துக்கொள்கிறது. மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் இரண்டும் இன்றி உயிருக்கே ஆபத்து நேரலாம். படிப்படியாகக் குறைப்பதே முறை. அதையும் மருத்துவரே செய்தல் வேண்டும்.

நண்பர்களே, கல்லூரியில் உயிரியல் பயில்வோர் உங்களுள் பலர் இருப்பீர்கள். கவாசாகியிடம் அன்று புதிய கருவி எதுவும் இல்லை. கண்ணும் குறிப்பேடும் பொறுமையும் இருந்தன. கற்ற பாடத்தோடு பொருந்தாத ஒன்றைக் கண்டபொழுது, பாடத்துக்கேற்ப அதை வளைக்காமல், கண்டதைக் கண்டபடியே எழுதினார். 2020ஆம் ஆண்டில் தமது தொண்ணூற்றைந்தாம் வயதில் அவர் மறைந்தபொழுது, அவர் முகத்தையும் அறியாத எண்ணற்ற குழந்தைகள் உலகெங்கும் நலமாக வளர்ந்திருந்தனர். அறிவியல் பயில்வோர் பெற வேண்டிய பண்பு அது.

அறிவியல் பயிலாதோருக்கும் செயல் உண்டு. விடாத காய்ச்சல், காரணமற்ற மெலிவு, அழுத்தினாலும் மறையாத செம்புள்ளி, கைகால் மரப்பு, சிறுநீரில் இரத்தம், முதியோருக்குப் புதிதாக வரும் தலைவலி ஆகிய இவற்றை வீட்டில் முதலில் காண்பவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர், நீங்களே. கண்டது எது, எந்த நாளில் தொடங்கியது என்பதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, பெரியோரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நாள் குறித்த அந்தத் தாள் மருத்துவருக்குப் பெருந்துணையாகும். வாய்க்காலின் கரையில் கசிவைக் கண்ட சிறுவன் ஓடிச்சென்று ஊராரிடம் சொன்னால், ஒரு கூடை மண்ணே போதும். விடியட்டும் என்று அவன் உறங்கிவிட்டால், பின்பு ஊரே திரண்டாலும் பயிர் மிஞ்சாது.